பிஏ டூ பிளஸ்ஸில் என்பிவி

பிஏ டூ பிளஸ் ஒரு நிதிக் கால்குலேட்டர். என்பிவி என்பது வருங்கால வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தால் வரும் தொகை. உதாரணத்துக்கு, இன்று 1,00,000 முதலீடு, மூன்று வருடம் வருடத்துக்கு 40,000 வரவு, வட்டி 10 சதவீதம்.

முதலில் சிஎஃப், செகண்ட், சிஇ/சி பட்டன்கள். கால்குலேட்டரை அணைத்தாலும் பழைய எண்கள் போகாது, இப்படித் துடைத்தால்தான் போகும்.

1,00,000, பிளஸ்/மைனஸ், என்டர். கீழ் அம்பு, 40,000 என்டர். கீழ் அம்பு, எஃப்01-இல் (அந்த வரவு எத்தனை முறை) 3 என்டர். மூன்று வருட வரவும் ஏறிவிட்டது. என்பிவி, வட்டி 10 என்டர், கீழ் அம்பு, சிபிடி (கணக்கிடும் பட்டன்). விடை மைனஸ் 525.92. முதலீடு தேறாது.

வட்டியை 0.10 என்று அடித்தால் அது 0.1 சதவீதம்! விடை பிளஸ் 19,760 ஆகி, தேறாத திட்டம் தேறிவிடும். பரீட்சையில் பலர் விழுவது இங்கேதான்.

வரவே இல்லாத வருடத்தைத் தாண்டாமல் 0 என்டர் கொடுங்கள். தாண்டினால் பிந்தைய வரவெல்லாம் ஒரு வருடம் முன்னால் வந்துவிடும்.

எக்செல்லில் சரிபார்க்கும்போது முதலீட்டை என்பிவி ஃபார்முலாவுக்குள் போட்டால் மைனஸ் 478.11 காட்டும். முதலீட்டை ஃபார்முலாவுக்கு வெளியே கழிக்க வேண்டும்.