அந்தக் கறுப்புப் புழுவை நசுக்கிவிடாதீர்கள்

ரோஜா மொட்டு முழுக்க அசுவினி, அதாவது செடியின் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சிகள். நடுவில் கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலை மாதிரி ஒரு புழு. இதுவும் செடியைத் தின்ன வந்ததுதான் என்று பலர் நசுக்கிவிடுகிறார்கள், மனசு பதறுகிறது. அது பொறிவண்டின் இளம்புழு! கூட்டுப்புழுவாவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைக் காலி செய்துவிடும். இன்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றைக் கவ்வி, உறிஞ்சி, வெறும் தோலை விட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தது.

அப்புறம், இலையடியில் முடி போன்ற காம்புகளின் நுனியில் பொடிப்பொடியாக வெள்ளை முட்டைகள் தெரிந்தால் துடைத்துவிடாதீர்கள். கண்ணாடி இறக்கைப் பூச்சி இட்டவை அவை. அதன் புழுவும் அசுவினி வேட்டைக்காரன்தான்.

நாலு அசுவினியைக் கண்டதும் மருந்தடித்தால் இந்தக் காவலாளிகளும் சேர்ந்தே சாகும். அசுவினி சில நாட்களில் மறுபடி பெருகிவிடும். இவை திரும்பிவர ரொம்ப நாளாகும்.