யோனா 1:3ம் ஐந்து வினைகளும்

நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு எபிரேயம் எடுத்தவர்களுக்கு வேதாகமத்தின் யோனா 1:3 மறந்திருக்காது. வினை வாய்பாடுகளை ஒப்பித்துத் தேறியவர்கள் உரைநடைக்கு வந்ததும் திணறிய இடம். வய்யாகோம், வய்யேரெத், வய்யிம்த்ஸா, வய்யித்தேன், மறுபடி வய்யேரெத்: ஒரு வசனத்துக்குள் ஐந்து தொடர்வினைகள், அதாவது முன்னே 'வ' ஒட்டிக்கொண்டு கதையை அடுத்தடுத்து நகர்த்தும் வினைகள். இந்தக் கல்லூரி மலரைப் பார்த்துவிட்டுப் பழைய எபிரேயப் பிரதியைத் தூசி தட்ட நினைப்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

அகராதி வேர்ச்சொல் வரிசையில் இருந்தால், வேர் பிடிபடாமல் அதைத் திறப்பது வீண். முன்னொட்டைக் கழித்தபின் இரண்டே மெய்கள் மிஞ்சும் வினைகள்தான் தொல்லை. முன்னொட்டில் உள்ள யோத்தின் ('ய' எழுத்து) கீழுள்ள உயிர்க்குறியைப் பாருங்கள். த்ஸேரே ('ஏ' குறி) என்றால் பெரும்பாலும் வேரின் முதலெழுத்து யோத் விழுந்திருக்கும். வய்யேரெத்தின் வேர் யாரத், இறங்கு. காமெத்ஸ் (பொதுவாக 'ஆ' குறி) என்றால் நடுவில் வாவ் ('வ' எழுத்து); வய்யாகோமுக்குக் கூம், எழு. ஹிரெக்கும் ('இ' குறி) அடுத்த மெய்யில் தாகேஷும் (மெய்யை இரட்டிக்கும் புள்ளி) சேர்ந்தால் நூன் ('ந' எழுத்து) கரைந்திருக்கிறது. வய்யித்தேனுக்கு நாதன், கொடு. அடுத்த வசனத்து வய்ஹியில் உதிர்ந்தது வேரின் கடைசி எழுத்தான ஹே ('ஹ'). விதி நூற்றுக்கு நூறு நிற்காது. வய்யேவ்க், 'அழுதான்', த்ஸேரேயோடு வந்தாலும் வேர் பாகா. வய்யிக்கஹ்வை நூனில் தேடி ஏமாறாதவர் இல்லை. அது லாமெத்தில் ('ல' எழுத்து), லாகஹ் ('எடு') என்று இருக்கிறது.

இந்த உயிர்ப்புள்ளிகளை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆதியாகமம் 37 போதும். வாவ், யோத், ஷின், பேத் என்ற அதே நான்கு எழுத்துகள் முதல் வசனத்தில் வய்யேஷெவ்: யாக்கோபு குடியிருந்தான். 29ஆம் வசனத்தில் வய்யாஷொவ்: ரூபன் குழிக்குத் திரும்பினான். இங்கே இரண்டாவது காமெத்ஸை 'ஆ' என்று வாசிப்பது வழக்கமான பிழை. அழுத்தம் முன்னசைக்குப் போய்விட்டதால் அது குறில் 'ஒ'. எண்ணாகமம் 21:1இல் அதே நான்கும் வய்யிஷ்ப், சிறைபிடித்தான்.

தமிழ்க் காது இந்தச் சங்கிலிக்குப் பழகியதுதான். எழுந்து, இறங்கி, கண்டு, கொடுத்து, ஏறினான் என்று வினையெச்சமாக அடுக்கிவிடலாம். (கடைசி 'இறங்கினான்' ஏன் 'ஏறினான்' ஆகிறது? எபிரேயத்தில் யோனா கப்பலுக்குள்ளும் இறங்குகிறான். அந்த இறக்கத்தைத் தமிழில் காப்பாற்றுவது கடினம்.) ஆனால் நம் எச்சத்துக்குப் பொதுவாக ஒரே எழுவாய் வேண்டும், எபிரேயத்துக்கு வேண்டாம். 1:15இல் மாலுமிகள் யோனாவைத் தூக்குகிறார்கள், எறிகிறார்கள், அடுத்த வினைக்குக் கடல் எழுவாய். 'எறிந்து, கடல் அமர்ந்தது' என்று எழுதினால் வாக்கியம் முறிந்துவிடும். எறிந்தார்கள் என்று அங்கே முடித்தாக வேண்டும்.

சங்கிலி அறுகிற இடத்தில் இன்னும் கவனம் தேவை. 1:4 கர்த்தரின் பெயரோடு தொடங்குகிறது. வினை பின்னால், 'ஹேடீல்' என்ற வேறு வடிவில். 1:5இன் பிற்பகுதியில் 'வெயோனா யாரத்': இங்கும் பெயர் முன்னே, வினை பின்னே. மாலுமிகள் சரக்கைக் கடலில் வீசியபின் அவன் இறங்கவில்லை, முன்பே இறங்கியிருந்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'யோனாவோவென்றால்' என்று போட்டதில் அந்த முறிவு அழகாக விழுந்திருக்கிறது.

நாளுக்கு ஐந்து வசனம் போதும், உரக்க வாசித்து. தமிழ் வேதாகமத்தின் 1:17 எபிரேயத்தில் 2:1. இரண்டாம் அதிகாரம் முழுக்க எண் ஒன்று தள்ளியிருக்கும். அங்குள்ள ஜெபம் செய்யுள். இப்போதைக்கு அதை விட்டு மூன்றாம் அதிகாரத்துக்குத் தாவுங்கள்.