பைப்பெட் கன்னைக் கழற்றிப் பார்த்த நாள்

மூன்றாவது முறையும் பூஞ்சை. காலையில் இன்குபேட்டரைத் திறந்து பிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தால், எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களுக்கு மேலே பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒன்று மிதக்கிறது. மைக்ராஸ்கோப் தேவையே இல்லை. இருந்தும் வைத்துப் பார்த்தேன், நூல்நூலாகக் கிளை விட்டிருந்தது.

செல் வளர்க்கும் எங்கள் கல்ச்சர் ரூம் ஐந்து பேருக்குப் பொது. ஒரு ஹூட் (வடிகட்டிய காற்றில் வேலை செய்யும் மேடை), மீடியாவை, அதாவது செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை, சூடாக்க ஒரு வாட்டர் பாத், ஒரு பைப்பெட் கன் (பட்டனை அழுத்தினால் பைப்பெட் குழாயில் திரவத்தை உறிஞ்சும் கைக்கருவி). கன்டாமினேஷன் வந்தால் பழி முதலில் மழைக்காலத்தின் மேல் விழும், அடுத்து வாட்டர் பாத், அப்புறம் புதிதாகச் சேர்ந்த ஜூனியர். "மீடியாவில் பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாம் போட்டிருக்கோமே அக்கா?" என்று கேட்டாள் பாவம். அதெல்லாம் பாக்டீரியாவுக்கு. பூஞ்சை அதைச் சட்டையே செய்யாது.

முதல் இரண்டு முறை பெருக்கித் துடைத்ததோடு சரி. இன்குபேட்டர் தட்டுகளை 121 டிகிரி அழுத்த நீராவியில் 20 நிமிடம் ஆட்டோக்ளேவ் செய்தேன், ஹூட்டை எத்தனாலால் துடைத்தேன். (யாரோ ஸ்ப்ரே பாட்டிலில் அப்சல்யூட் எத்தனாலை அப்படியே ஊற்றி வைத்திருந்தார்கள், வீரியமாக இருக்கட்டும் என்று. தண்ணீர் கலந்த 70 சதவீதம்தான் நன்றாக வேலை செய்யும். சுத்த எத்தனால் கொல்வதற்குள் பறந்துவிடும்.)

இந்த முறை துடைக்கவில்லை. செல்களும் ஆன்டிபயாட்டிக்கும் இல்லாத வெறும் மீடியாவை மூன்று பிளாஸ்க்கில் எடுத்தேன். முதலாவது, பக்கத்து லேபில் கடன் வாங்கிய கன்னால். இரண்டாவதும் அதே கன்தான், ஆனால் வாட்டர் பாத்தில் சூடாக்கிய பாட்டிலிலிருந்து. மூன்றாவது எங்கள் கன்னால். 37 டிகிரியில் மூன்று நாள். மூன்றாவதில் மட்டும் பஞ்சு.

கன்னின் மூக்கைத் திருகிக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய வட்ட ஃபில்டர் மீடியாவின் ரோஸ் கலரில் காய்ந்துபோய், ஓரத்தில் கருப்புப் புள்ளிகளோடு இருந்தது. யாரோ பட்டனை ஒரு நொடி கூடுதலாக அழுத்தியிருக்கிறார்கள். மீடியா பைப்பெட்டின் மேல் முனையில் அடைத்திருக்கும் பஞ்சைத் தாண்டி கன்னுக்குள் ஏறியிருக்கிறது. அவர்களும் வெளியே துடைத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறார்கள். அது நானாகவும் இருக்கலாம். இரவு பதினொரு மணிக்கு என் கட்டை விரலுக்கு நான் பொறுப்பில்லை.

பாத்திரம் கழுவித் தரும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நாலு வருஷமா இதைக் கழட்டவே இல்லையா?" என்றார். இல்லைதான். தொடும்போதெல்லாம் அதன் கைப்பிடியைத் துடைத்தோம், அவ்வளவே. மூக்கும் சிலிகோன் வளையமும் ஆட்டோக்ளேவுக்குத் தாங்கும் என்று மேனுவலிலேயே போட்டிருக்கிறது. ஃபில்டர் மட்டும் புதிது மாட்ட வேண்டும்.

இப்போது கன்னின் மேல் டேப் ஒட்டி, ஃபில்டர் மாற்றிய தேதி எழுதியிருக்கிறேன். நனைத்தவர் பெயர் எழுத வேண்டாம், "நனைந்தது" என்று மட்டும் எழுதினால் போதும் என்று சொல்லி வைத்தேன். ஒரே வாரத்தில் இரண்டு முறை எழுதிவிட்டார்கள்!

நேற்று திரவ நைட்ரஜன் டேங்கில் உறைய வைத்திருந்த செல் குப்பிகளில் மிச்சமிருந்த இரண்டில் ஒன்றைக் கரைத்தேன். இன்று காலை பார்த்தபோது பாதிச் செல்கள் பிழைத்து, பிளாஸ்க்கின் அடியில் ஒட்டியிருந்தன. மீடியா தெளிவாக இருக்கிறது.