பையோட உசுரு காதுலதான் இருக்கு

போன மாசம் மகாராஜநகர் உழவர் சந்தையில மூணு தேங்கா, ரெண்டு கிலோ வெங்காயம், பெறவு கத்திரிக்கா, முருங்கக்கா எல்லாம் வாங்கி நானே தைச்ச பையில போட்டுக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கேன், ஒரு பக்கத்துக் காது துணியோட பிஞ்சி கையில வந்துட்டு. பிளவுஸ் தைச்ச மிச்சத் துணியில ஆசையா தைச்ச பை, மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

வீட்டுக்கு வந்து எடுத்துப் பாத்தா நூல் எங்கயும் அறுந்து போகல. ஊசி போன வரி நெடுக, காலண்டர் தாள் கிழிச்ச மாதிரி துணிதான் கிழிஞ்சிருக்கு. கெட்டியா இருக்கணும்னு பொடிப் பொடித் தையலா போட்டிருந்தேன், மெல்லிசுத் துணியில அவ்வளவு நெருக்கமா ஊசி குத்தினா அது ஓட்டை வரிசைதான், கனம் ஏறினதும் விட்டுருது.

அன்னைக்குத்தான் ஆச்சியோட பை ஞாபகம் வந்துது. வீரவநல்லூர்ல வாசக்கதவுக்குப் பின்னால ஆணியில தொங்கும், இப்ப என் பீரோவுல இருக்கு. எத்தனையோ வருசம் அரிசியும் தேங்காயும் சுமந்த பை. அதத் திருப்பிப் பாத்தா, காது பை வாயோட நிக்கல. காதாத் தைச்ச துணிப்பட்டி அப்படியே கீழ இறங்கி, அடிப்பக்கம் சுத்தி, மறுபக்கம் ஏறி அந்தப் பக்கத்துக் காதாப் போகுது. கனத்தத் தாங்குறது வாய்ல இருக்க நாலு தையல் இல்ல, அடிய ஏந்திக்கிட்டு இருக்க அந்தப் பட்டிதான். எனக்கு இது இத்தனை நாளா தெரியல!

இப்ப அப்படித்தான் தைக்கேன். 18 இஞ்ச் அகலம், 36 இஞ்ச் நீளத்துல ஒரே துண்டு, அடியில ஒட்டுத் தையலே கிடையாது. சாயம் போறதும் சுருங்குறதும் முதல்லயே நடந்து முடியட்டும்னு துணிய வெட்டுறதுக்கு முன்னால ஒரு தடவ அலசிக் காயப் போட்டுருவேன். பட்டிக்கு 4 இஞ்ச் அகலத்துல துணி வெட்டி நாலா மடிச்சா 1 இஞ்ச் வரும். சுத்திப் போற பட்டி மொத்தம் 110 இஞ்ச்கிட்ட வேணும், அவ்வளவு நீளத்துக்கு மிச்சத் துணி கிடைக்காது, அதனால துண்டு துண்டா ஒட்டுப் போட்டுதான் ஆகணும், ஆனா அந்த ஒட்டு அடிப்பக்கம் வர்ற மாதிரி பாத்துக்கிடுங்க, காதுல மட்டும் வந்துரக்கூடாது.

முக்கியமானது, பக்கம் மூட்டுறதுக்கு முன்னாலயே, துணி பாய் மாதிரி விரிஞ்சி கிடக்கும்போதே பட்டிய வச்சித் தைச்சிரணும். பை ஆன பெறவு உள்ள கைய விட்டுத் தைக்க முடியாது. வாய்க்கு 2 இஞ்ச் கீழயே தையல நிறுத்தி, வாய மடிச்சி அடிச்ச பெறவு காது ஏறுற இடத்துல ஒரு கட்டம் போட்டு அதுக்குள்ள குறுக்க குறுக்க ரெண்டு கோடு. அந்த இடத்துல துணி ஏழு எட்டு மடிப்பு சேரும், மெஷின மிதிக்காதீங்க, ஊசி உடஞ்சிரும், 16ஆம் நம்பர் ஊசி போட்டு வீலக் கையால மெதுவா உருட்டுங்க. தையலும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்.

பக்கத்த மூட்டுறது ரெட்டைத் தையல். முதல்ல நல்ல பக்கம் வெளிய இருக்க கால் இஞ்ச்ல ஒரு தையல், பெறவு திருப்பி உள்பக்கம் ஒண்ணு, பிசிறு உள்ளயே அடங்கிரும். ஓவர்லாக் மெஷின் இல்லாத வீட்டுக்கு இதுதான் வழி, இல்லன்னா கத்திரிக்கா காம்பு பிசிறு நூல்ல மாட்டி இழுக்கும்.

துணின்னு பாத்தா ஸ்கூல் யூனிபார்ம் பேண்ட் தைச்ச மிச்சமும் ஸ்கிரீன் துணியும்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், நின்னு உழைக்கும். பழைய வேட்டிக் கரை பட்டிக்கு அருமையா இருக்கு, ஜரிகை மட்டும் வேண்டாம், உள்ளங்கைய அறுக்கும். மீனுக்குத் துணிப்பை சரிவராது, அதுக்குத் தூக்குவாளிதான்.

ஒரு கடையில துணிப்பைன்னு சொல்லி வழுவழுன்னு ஒரு பை குடுத்தாங்க. அது நெய்த துணியே இல்ல, பிளாஸ்டிக் இழைய சூடு வச்சி ஒட்டுனது, வெயில்ல கிடந்தா தூள் தூளா உதிரும். 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல தடை பண்ணுனதுல அந்தப் பையும் உண்டு. 2021 டிசம்பர்ல அரசாங்கம் "மீண்டும் மஞ்சப்பை"ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சதும் நிஜத் துணிப்பைக்காகத்தான். தாமிரபரணிப் படித்துறையில அந்த வழுவழுப்புப் பை சேத்தோட சேந்து கிடக்கத பாக்கும்போது வயிறு எரியுது.

இப்ப சந்தையில காய் விக்கிற அக்கா என் பையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "எனக்கும் ஒண்ணு தைச்சித் தாட்டி, உள்ள சில்லறை போட ஒரு சேப்பு வச்சி"ன்னு கேட்டிருக்காங்க. நீல ஸ்கிரீன் துணி அலசிக் கொடியில கிடக்கு, சாயங்காலம் வெட்டணும்.