ஆறு முள்ளும் ஒரு புள்ளியும்

இன்று காலை இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில், எங்கள் தேயிலை மலையில் முள் சிலந்தியைப் பார்த்துவிட்டேன்! அறிவியல் பெயர் கேஸ்டராகாந்தா ஜெமினாட்டா. 1798இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் விவரித்த இனம். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. ஆனால் உயிரினங்களைக் கண்ட இடங்களை நான் பதிவு போடும் இணைய வரைபடத்தில் எங்கள் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது.

கொழுந்து எடுக்கப் போன அத்தைதான் கூப்பிட்டார். "தம்பி, நண்டு மாதிரி ஒன்னு வலை கட்டியிருக்கு, வந்து பாரு."

நிழல் மரத்துக்கும் தேயிலைக்கும் நடுவே சக்கர வலை. ஓர இழைகளில் குட்டிக் குட்டியாய் வெள்ளைப் பஞ்சு. நடுவில் பட்டை போட்ட பெண் சிலந்தி, கெட்டியான உடம்பில் ஆறு முள். என்ன அழகு! பனி விலகும்வரை அங்கேயே நின்றேன்.

படம், திகதி, இடம் எல்லாம் ஏற்றியாயிற்று. வலை அறுந்துவிடக் கூடாதென்று அத்தை அந்தச் செடியை விட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போனார். அப்புறம் மற்ற அக்காமாரிடமும் சொல்லி வைத்தார்.