இதயம் அடித்துக்கொள்ளட்டும்

இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்காருவேன். தண்ணீர் குடிப்பேன். இடது கை வலிக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். தடவத் தடவ வலிக்கிற மாதிரியே இருக்கும். அப்போது எனக்கு வயது 44. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. ஒரே மாதத்தில் நான்கைந்து முறை இப்படி ஆனதும் பயந்துபோய் மருத்துவரிடம் போனேன்.

ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை, தைராய்டு, கடைசியில் டிரெட்மில் சோதனை. எல்லாம் சரியாகவே இருந்தது. டிரெட்மில்லில் மட்டும் சீக்கிரமே கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டேன். கால் வலிக்கவில்லை. நெஞ்சு அடித்த வேகம்தான் பயமுறுத்தியது.

“இதயத்துல கோளாறு எதுவும் இல்ல. வேலை செய்யத்தான் அதுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. தினமும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குற மாதிரி ஏதாவது செய்யுங்க” என்றார் மருத்துவர்.

“தினமும் நடக்கிறேனே டாக்டர்.”

“நடக்கும்போது போன் பேசுவீங்களா?”

“பேசுவேன்.”

“அப்ப அது பத்தாது.”

கொஞ்சம் கோபம் வந்தது, உண்மைதான். நாலு வருடமாக விடாமல் நடந்தவன் நான். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. பேச முடியும், பாட முடியாது என்றால் அது மிதமான பயிற்சி. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் அது தீவிரமான பயிற்சி. நானோ நடந்துகொண்டே அரை மணி நேரம் அலுவலகச் சண்டையை நடத்தி முடிப்பவன். அது நடையே இல்லை, நகரும் தொலைபேசிச் சாவடி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, இல்லாவிட்டால் 75 முதல் 150 நிமிடம் தீவிரமான பயிற்சி என்று இருக்கிறது. அதாவது மூச்சு வாங்கினால் பாதி நேரம் போதும். சோம்பேறியான எனக்கு இந்தக் கணக்குப் பிடித்துப்போனது.

படிக்கட்டில் தொடங்கினேன். அலுவலகக் கட்டடத்தில் ஆறு மாடி. லிஃப்ட் இருப்பதால் படிப்பக்கம் ஒருவரும் வருவதில்லை. நான் திணறுவதைப் பார்க்க ஆள் இல்லை என்பதே பெரிய வசதி. முதல் நாள் வேகமாக ஏறினேன். மூன்றாவது மாடி வரை வீரம். நான்காவதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். காதுக்குள் டம் டம் என்று சத்தம், தொண்டையில் இரும்பைச் சுவைத்த மாதிரி ஒரு ருசி, தொடை நடுக்கம். கழுத்தில் இரண்டு விரல் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடி எண்ணினேன். 38. நாலால் பெருக்கினால் 152. 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு ஏறக்குறைய வரும் என்பார்கள்; எனக்கு 176. ஆக, நான்காவது மாடியிலேயே 86 சதவீதத்தைத் தொட்டிருந்தேன். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணினேன்: 34. அதாவது 136.

அந்தச் சின்னக் கணக்கை ஒரு நோட்டில் குறித்து வைத்தது எதற்கென்று அன்று தெரியாது. இந்த அனுபவத்தில் எனக்கு மிஞ்சிய பெரிய சொத்து அந்த நோட்டுதான்.

முதல் வாரம் வேதனை. மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் வலி உச்சத்துக்குப் போனது. ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை; பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி இறங்கினேன். தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதால் இந்த வலி வருகிறது என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன். அது தவறாம். பயிற்சியை நிறுத்தினால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லாக்டேட் வழக்கமான அளவுக்கு இறங்கிவிடும். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம்தான் முக்கியக் காரணம். படி இறங்கும்போது தொடை செய்வது அந்த வேலைதான். சரி, காரணம் தெரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை. ஆனால் பயப்படாமல் மறுநாளும் போக முடிந்தது.

மூன்றாவது வாரத்தில் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது சட்டென்று உறைத்தது: இது அந்த இரவு இரண்டு மணிப் படபடப்பேதான். அதே அடி, அதே வியர்வை, அதே மூச்சுத் திணறல். இரவில் வந்தபோது சாகப்போகிறேன் என்று நினைத்தேன். இங்கே “இன்னும் ஒரு மாடிதான்” என்று நினைக்கிறேன். உடம்பு ஒன்றேதான் செய்கிறது. அதற்கு மனசு வைக்கிற பெயர்தான் மாறியிருக்கிறது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை என்று பிறகு தெரிந்தது. திடீர் பயத்தாக்குதலுக்கான சிகிச்சையில், படபடப்பையும் மூச்சிரைப்பையும் வேண்டுமென்றே வரவழைத்து, அவற்றால் ஆபத்தில்லை என்று பழக்குவது ஒரு முறையாகவே இருக்கிறது. ஓடுவதும் படி ஏறுவதும் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன. மெதுவாக நடந்தால் இது கிடைக்காது, ஏனென்றால் நெஞ்சு அந்த அளவுக்கு அடித்துக்கொள்வதே இல்லை. நாலு வருட நடை எனக்குத் தராததை மூன்று வாரப் படிக்கட்டு தந்தது அதனால்தான் என்பது என் முடிவு.

ஓடினால் ஒரு பரவசம் வரும், வலியை மறக்கடிக்கும் எண்டார்ஃபின் என்ற பொருள் உடம்பில் பெருக்கெடுக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை, சத்தியமாக. ரத்தத்தில் கூடும் எண்டார்ஃபின் மூளைக்குள் அவ்வளவு எளிதில் நுழைவதில்லை. உடம்பே சுரக்கும் எண்டோகன்னபினாய்டு என்ற பொருள்தான் உள்ளே போகிறது என்பது இப்போதைய விளக்கம். எது போனதோ, எனக்குக் கிடைத்தது ஒரு அமைதி. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மண்டைக்குள் யாரோ வானொலியை அணைத்து வைத்த மாதிரி இருக்கும். முதலில் குறைந்தது மத்தியானச் சிடுசிடுப்பு. அப்புறம் தூக்கம் ஆழமானது. ஆனால் ஒருநாள் இரவு ஒன்பதரைக்கு ஸ்கிப்பிங் கயிறு ஆடிப் பார்த்தேன். ஒரு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். அதிலிருந்து காலைதான்.

நான்காவது மாதம் திமிர் வந்தது. தினமும் என்றால் தினமும் உச்சத்தில் என்று நினைத்து, படிக்கட்டோடு ஓட்டத்தையும் சேர்த்து, ஏழு நாளும் விரட்டினேன். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் உள்விளிம்பை விரலால் அழுத்தினால் உயிர் போகிற வலி. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியும் பார்த்தேன், முட்டாள்தனமாக. கடைசியில் மூன்று வாரம் ஓய்வு. இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடுகின்றன. எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு சரியாக இருக்கிறதே என்று காலை விரட்டினால் இப்படித்தான் ஆகும். அந்த மூன்று வாரத்தில் சிடுசிடுப்பு அப்படியே திரும்பி வந்தது. “வலி போச்சுன்னா முதல்ல போய்ப் படி ஏறிட்டு வாங்க, எங்களால முடியல” என்று வீட்டில் சொன்னார்கள். பயிற்சி மனசுக்கு என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள் மூச்சு முட்ட, இரண்டு நாள் எடை தூக்குவதும் தண்டாலும், மீதி நாள் சைக்கிள். ஒரு நாளும் சும்மா இல்லை, ஒவ்வொரு நாளும் உயிரை விடுவதும் இல்லை.

எட்டாவது மாதம் நோட்டைப் புரட்டினேன். காலையில் படுக்கையிலிருந்து எழுமுன் எண்ணும் துடிப்பு 84இலிருந்து 66க்கு வந்திருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழகிவிட்டால் குறைவாக அடித்தாலே போதும். அதைவிட எனக்குப் பிடித்த எண் இன்னொன்று. ஆறு மாடியையும் ஏறி முடித்து 152 அடித்த நெஞ்சு, ஒரு நிமிடத்தில் 116க்கு இறங்கியது. முதல் நாள் 16 குறைந்த இடத்தில் இப்போது 36. எடை மட்டும் இரண்டே கிலோதான் குறைந்தது. அதை எதிர்பார்த்துத் தொடங்கியிருந்தால் இரண்டாவது மாதமே விட்டிருப்பேன். சர்க்கரை அளவும் கொஞ்சம் இறங்கியது. வேலை செய்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

படி ஏறும்போது சில நாள் லண்டன் மாடிப் பேருந்து நடத்துநர்கள் நினைவுக்கு வருவார்கள். 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் அவர்களையும், அதே பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களையும் ஒப்பிட்டார். டிக்கெட் கொடுக்க நாள் முழுக்க ஏறி இறங்கியவர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது.

என்னைப் போல நாற்பதைத் தாண்டி, வருடக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், நேராகப் படிக்கட்டுக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அதைப் பழக்கிக்கொள்ள முயலக் கூடாது, அங்கேயே நிறுத்த வேண்டும். நான் படபடப்போடு சமாதானமானது எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான்.

போன வாரம் மறுபடி இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. ஏதோ கெட்ட கனவு. நெஞ்சு நன்றாகவே அடித்துக்கொண்டது. பழக்கத்தில் கை கழுத்துக்குப் போனது, ஆனால் கடிகாரம் மேசைமேல் இருந்தது. எழுந்து எடுக்கச் சோம்பல். சும்மா எண்ணத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டியது வரை நினைவிருக்கிறது.