குதிரை டாக்டரோடு லாயம் லாயமாகப் போகும் உதவியாளருக்கு

இந்த வேலைக்கு உடல்பலம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 400 கிலோ குதிரை கிளம்பிவிட்டால் எந்தப் பலசாலியாலும் இழுத்து நிறுத்த முடியாது. டாக்டர் குனிந்து குளம்பைப் பார்க்கும்போது அதன் காதும் முகமும் அவர் கண்ணில் படாது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் நாம் கூடவே போகிறோம். காது பின்னால் மடிந்தாலோ, வால் இறுகினாலோ, பின்காலில் பாரம் மாறினாலோ அந்த நொடியே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று யோசிக்கவே கூடாது.

டாக்டர் நிற்கும் பக்கமே நாமும் நிற்க வேண்டும். குதிரை மிரளும்போது தலையை நம் பக்கம் இழுத்தால் அதன் பின்பகுதி எதிர்ப்பக்கம் விலகும். எதிர்ப்பக்கம் நின்று இழுத்தால் பின்கால்கள் நேராக டாக்டர் மேல் வந்துவிடும். லாயத்தில் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் (குதிரைக்காரர்) பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் போய் நிற்பார். "அண்ணே, இந்தப் பக்கம் வாங்க" என்று தன்மையாகக் கூப்பிட்டால் வந்துவிடுவார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் மடித்துப் பிடியுங்கள். சுற்றியிருந்தால் குதிரை ஓடும்போது விரல் போய்விடும்.

மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தை மாதிரி இடத்தில் எடைமேடைக்கு எங்கே போவது? தையல்காரரின் டேப் போதும். முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் சுமார் 300 கிலோ. உரிமையாளர் சொல்லும் எடையை மட்டும் நம்பி ஊசியில் மருந்து ஏற்ற வேண்டாம்.

ஊசி போடுவதற்கு முன்பே நாடி, மூச்சு, காய்ச்சல் மூன்றையும் எழுதிவிட வேண்டும். மயக்க மருந்தான சைலசின் நாடியை இறக்கும், வயிற்றுவலிக்குப் போடும் பஸ்கோபான் ஏற்றும். பிறகு எடுக்கும் கணக்கு மருந்தைக் காட்டுமே தவிர நோயைக் காட்டாது. ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு நாடி 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் சூடு 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட். ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வயிற்றுவலிக் குதிரைக்கு நாடி 60-ஐத் தாண்டினால், எழுதி முடிக்கும்வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வயிற்றுவலிதான் உதவியாளரை அதிகம் வேலை வாங்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் தேங்கியதை மூக்கு வழியாக டியூப் விட்டு எடுக்காவிட்டால் இரைப்பையே கிழிந்துபோகலாம். அளவுக் கோடு போட்ட இரண்டு வாளிகள் வேண்டும்: ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், மற்றது காலி. முகவாய் நெஞ்சுப் பக்கம் மடியும்படி தலையைப் பிடித்தால் விழுங்குவது சுலபம். சரியாகப் போனால் கழுத்தின் இடது பக்கம் டியூப் இறங்குவது தெரியும். இருமலோ, டியூப் வழியே மூச்சுக்கு மூச்சு காற்றோ வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். அந்த நிலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

உள்ளே ஊற்றியது எத்தனை லிட்டர், வெளியே வந்தது எத்தனை என்று எழுதுவது நம் பொறுப்பு. ஊற்றியதைக் கழித்த பிறகும் 2 லிட்டருக்கு மேல் வந்தால் அது சாதாரண வயிற்றுவலி இல்லை, டாக்டரின் முடிவே மாறும். கணக்கு வைக்காமல் வாளியைக் கொட்டிவிட்டால் அந்தத் தகவல் போனது போனதுதான். டியூப்பை உருவும்போது முனையை மடித்துப் பிடிக்காவிட்டால் உள்ளே மிச்சமிருப்பது நுரையீரலுக்குள் சிந்தும். மூக்கில் ரத்தம் கொட்டினால் உரிமையாளர் அலறிவிடுவார். பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானாக நின்றுவிடும், தலையை மட்டும் மேலே தூக்கவிட வேண்டாம்.

மயக்க ஊசி ரத்தநாளத்தில் போட்டபின் ஐந்து நிமிடமாவது யாரும் பேசாமல், தொடாமல் இருக்க வேண்டும். சத்தம் இருந்தால் மருந்து பாதிதான் வேலை செய்யும். தலை தொங்கிய குதிரையும் உதைக்கும், அதுவும் முன்னறிவிப்பே இல்லாமல். முழுதாகத் தெளியும்வரை புல் வைக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ரத்தக் குப்பியில் ஊதா மூடி போட்டதை, உள்ளே இருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கலக்கும்படி, எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். குலுக்கினால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும். ஐஸ் மேல் நேராக வைத்தாலும் அதே கதிதான், செய்தித்தாள் சுற்றி வையுங்கள். பெயரை லாயத்திலேயே எழுதுங்கள். வண்டிக்கு வந்தபின் எல்லாக் குப்பியும் ஒன்றுபோல இருக்கும்.

மூக்கில் சளி ஒழுகி, தோலில் கட்டிகளும் இருந்தால் கையுறை, முகக்கவசம் இல்லாமல் நெருங்க வேண்டாம். அது கிளாண்டர்ஸ் என்ற நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். அதன் ரத்தப் பரிசோதனை ஹரியானா மாநிலம் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் நடக்கிறது. தாடைக்கு அடியில் கட்டி வீங்கியிருக்கும் குதிரையின் லாயத்துக்கு, தொற்று மற்ற லாயங்களுக்குப் பரவாமலிருக்க, கடைசியாகப் போகும்படி அன்றைய பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். டியூப், வாளி, பூட்ஸ் மூன்றையும் முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து, அதன் பிறகே கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். அழுக்கு ஒட்டியிருந்தால் மருந்து வேலை செய்யாது.